கஞ்சி ஆறும் நேரம்

ஞானமேரியின் அவரைக் காட்டில் ஒரு கோடு விழுந்திருந்தது. யாரும் போட்ட கோடு அல்ல. அங்கே வரப்பும் இல்லை, வாய்க்காலும் இல்லை. காட்டு நடுவில் நின்று பார்த்தால் வேப்பமரத்துப் பக்கத்துச் செடியெல்லாம் கரும்பச்சையாகத் தளதளவென்று நின்றது. கிணற்றுப் பக்கத்துச் செடியெல்லாம் வெளிறி, அடியிலைகள் மஞ்சளாகி, சாண் உயரத்துக்கு மேல் எழும்ப மனமில்லாமல் கிடந்தது. ஒரே பையில் எடுத்த விதை, ஒரே நாளில் விதைத்தது, ஒரே கிணற்றுத் தண்ணீர். இதற்கு மேல் மண்ணைக் குற்றம் சொல்வதா, வானத்தைக் குற்றம் சொல்வதா என்று தெரியாமல் அவள் தினமும் காலையில் அந்தக் கோட்டின்மேல் போய் நிற்பாள்.

வேறு யாருடைய காடாக இருந்தாலும் பாதி விளைந்தது போதும் என்று விட்டிருப்பார்கள். இவளுக்கு அப்படி விட முடியாது. மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். மகன் அந்தோணி பிரகாஷ் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். அப்பா கஸ்பார் பங்குனி மாதம் நெஞ்சுவலியில் போனதிலிருந்து அம்மாவைத் தன்னோடு வந்துவிடச் சொல்லிக்கொண்டே இருந்தான். ரோஜா வளர்க்கப் பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூடாரம் போடுகிற ஆள் ஒருவர் முக்கால் ஏக்கரையும் பத்து வருஷக் குத்தகைக்குக் கேட்டு அலைந்துகொண்டிருந்தார். ஞானமேரி கடைசியில் ஒரு கணக்குக்கு வந்தாள். ஒரு வெள்ளாமை, ஒரே ஒரு வெள்ளாமை, தானே தனியாகச் செய்து காட்டுவது. அவரை பூக்கிற சமயம் மகன் வந்து பார்க்கட்டும். நன்றாக வந்திருந்தால் அவள் இங்கேயே இருப்பாள். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டுவாள்.

"அப்பா இல்லாம உன்னால முடியாதும்மா" என்று அவன் சொன்னதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. அப்பா என்ன பெரிதாகச் செய்துவிட்டார்?

இதைச் சொல்வதற்கு அவள் கூச்சப்படுவதில்லை. முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவள். கஸ்பார் நல்ல மனிதர்தான். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவறியது கிடையாது. ஆனால் வாயைத் திறக்கமாட்டார். கேட்டால் ஒரு "ம்", ரொம்பக் கேட்டால் இரண்டு "ம்". அவர் காட்டில் இருக்கும்போது இவள் மாட்டோடு இருப்பாள். அவர் சாப்பிட வரும்போது இவள் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருப்பாள். தட்டில் சோற்றை மூடி வைத்துவிட்டுப் போனால் கழுவின தட்டு இருக்கும், அவ்வளவுதான். ஒரு கூரைக்குக் கீழே இரண்டு தனிக்குடித்தனம் என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னதுண்டு. சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும்.

இந்த மௌனச் சாமியாரிடம் அவளுக்குத் தீராத குறை ஒன்று இருந்தது. அவரை, மொச்சை, காராமணி என்று எந்தப் பயறு விதைத்தாலும் கஸ்பார் விதையை வெறுமனே மண்ணில் போடமாட்டார். தோட்டக்கலை ஆபீசில் ஒரு பாக்கெட் வாங்கி வருவார். ரைசோபியம் என்று பேர். பிரித்தால் கரித்தூள் மாதிரி இருக்கும். ஞானமேரி அதற்கு வைத்த பேர் கரிப்பொடி. அதை அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையின்மேல் ஊற்றிப் பிசறி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தித்தான் விதைப்பார். கஞ்சி காய்ச்சுவது அவள் வேலை. கலப்பது அவர் வேலை. பதினாறு வருஷமாக இதுதான் பங்கீடு.

குறை எங்கே என்றால், விதைப்பு நாளில் விடிந்தும் விடியாமல் அவள் கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க இறக்கி வாசலில் கொண்டுபோய் வைப்பாள். கஸ்பார் உடனே எழுந்து வேலையைப் பார்ப்பாரா என்றால் மாட்டார். கஞ்சிச் சட்டிக்குப் பக்கத்தில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்துவிடுவார். ஒரு மணி நேரம். வெயில் ஏறும். கூலிக்கு வந்த பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சும்மா நிற்பார்கள். ஞானமேரிக்குப் பற்றிக்கொண்டு வரும். முறத்தில் விதையைக் கொட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, உடைந்ததும் சொத்தையும் பொறுக்கிக்கொண்டே ஆரம்பிப்பாள். "கஞ்சிக்குக் காவலு காக்கறீங்களா? அது என்ன ஓடியா போவும்?" என்று தொடங்குகிற பேச்சு, ஒழுகுகிற ஓட்டுக்குப் போகும், அங்கிருந்து அவர் தம்பி பாகப்பிரிவினையில் செய்த வேலைக்குப் போகும், மகன் பிறந்தபோது அவர் ஆஸ்பத்திரிக்கு நேரங்கழித்து வந்தது வரைக்கும் போகும். அவர் தலையைக் குனிந்தபடி "ம்" கொட்டிக்கொண்டிருப்பார். ஒரு வழியாக எழுந்து கையைக் கழுவிக்கொண்டு பொடியைக் கொட்டுவார். இவளும் முறத்தைத் தட்டிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவாள்.

ஆகவே இந்த ஆடியில், தானே ராஜா தானே மந்திரி என்றானபோது, ஞானமேரி ஒரு தீர்மானத்தோடுதான் எழுந்தாள். இன்றைக்குச் சோம்பலுக்கு இடமில்லை. பத்து மணிக்குள் முக்கால் ஏக்கரும் முடிய வேண்டும். பாக்கெட்டின் முதுகில் ஏதோ பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதை யார் படிப்பது? தீப்பெட்டியைப் படித்துவிட்டா அடுப்புப் பற்ற வைக்கிறோம்? கஞ்சியை இறக்கினாள், பாதியைப் பேசினில் ஊற்றினாள், முதல் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினாள். விதையைப் பிசறி, சிலுவைக் குறி போட்டு, நிழலில் பரப்பி, கூலிப் பெண்களிடம் கொடுத்துக் கிணற்றுப் பக்கம் இறக்கிவிட்டாள். மணி எட்டுகூட ஆகவில்லை. கஸ்பாரின் படம் இருந்த பக்கம் பார்த்து, பார்த்தீங்களா என்று மனசுக்குள் கேட்கவும் கேட்டாள்.

மீதிக் கஞ்சிக்கு இரண்டாவது பாக்கெட்டைப் பிரிக்கப் போகும்போது போன் அடித்தது. மகன். விதைக்கிறாள் என்று தெரிந்து, விதைக்க வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிட்டான். பாலிஹவுஸ்காரர் வேறு நிலம் பார்க்கிறாராம், இந்த வாய்ப்பு போனால் வராதாம். அவள் பதில் சொல்ல, அவன் பேச, அவள் அழ, அவன் சமாதானப்படுத்த, பேரப்பிள்ளை நடுவில் வந்து பாட்டுப் பாட, பேச்சு ஒரு மணி நேரம் போய்விட்டது. அப்போதுதான் அந்த ஒரு வெள்ளாமை ஒப்பந்தமும் ஆயிற்று. திரும்பி வந்து பார்த்தால் கஞ்சி ஜில்லிட்டு ஆடை கட்டியிருந்தது. மறுபடி சூடு பண்ண அவளுக்குப் பொறுமையில்லை. கையாலேயே கலக்கி, மீதி விதையைப் பிசறி, வேப்பமரத்துப் பக்கம் விதைக்கக் கொடுத்தாள்.

முளைப்பில் ஒரு குறையும் இல்லை. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் முளைத்தது. இருபது நாள் வரைக்கும் அவள் மகராணி மாதிரி நடந்தாள். அப்புறம்தான் கோடு விழுந்தது.

பக்கத்துக் காட்டு நஞ்சப்பன் ஒரு நாள் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "யூரியா கொஞ்சம் வுட்டுத் தண்ணி கட்டுங்கக்கா. எட்டே நாள்ல ரெண்டு பக்கமும் ஒரே பச்சையாயிரும். பிரகாஷுக்கு வித்தியாசமே தெரியாது" என்றார். நஞ்சப்பனுக்கு ஒப்பந்தம் தெரியும். ஊருக்கே தெரியும்.

"ஏன் மஞ்சளாச்சுன்னு தெரியாம எதைப் போட்டு மறைக்கறது" என்றாள் அவள். உள்ளுக்குள் அவளுக்கு வேறு பயம். கஸ்பார் கை பட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காதோ என்கிற எண்ணம் ராத்திரி படுத்தால் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்கிறது. பேச ஆளில்லாத வீட்டில் இப்படி ஒரு எண்ணம் வந்துவிட்டால் அதை விரட்டுவது லேசில்லை. டிவியைச் சத்தமாக வைத்துப் பார்த்தாள். மாட்டோடு பேசிப் பார்த்தாள். மாடு கஸ்பாரைவிட மோசம், "ம்" கூடச் சொல்லவில்லை.

தோட்டக்கலை ஆபீசில் போய்ச் சொன்னதில், காவியா என்று ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்தாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள், வயது இருபத்தைந்துகூட இருக்காது. செடியைப் பிடித்து இழுக்காமல், களைக்கொத்தால் சுற்றிலும் தோண்டி மண்ணோடு எடுத்து, கிணற்றடி வாளியில் அலசினாள். முதலில் வேப்பமரத்துப் பக்கத்துச் செடி. வேர் முழுக்க மணி கோத்த மாதிரி உருண்டை உருண்டையாக முடிச்சுகள். ஒன்றைக் கிள்ளி நகத்தால் பிளந்து ஞானமேரியின் உள்ளங்கையில் வைத்தாள். உள்ளே இளஞ்சிவப்பு.

"ரத்தமாட்டம் இருக்குது" என்றாள் ஞானமேரி.

"ஆமாம்மா. செவப்பா இருந்தா உள்ள இருக்கறது வேலை செய்யுதுன்னு அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத உசிருங்க. அந்தப் பாக்கெட்ல இருக்கறதே அதுதான். வேருக்குள்ள போயி முடிச்சு கட்டி ஒக்காந்துக்கும். காத்துல இருக்கற தழைச்சத்த இழுத்துச் செடிக்குக் குடுக்கும். செடி அதுக்குச் சாப்பாடு போடும். ஒண்ணை நம்பி ஒண்ணு."

பிறகு கிணற்றுப் பக்கத்துச் செடியை அலசினாள். வேர் மொட்டையாக இருந்தது. தேடித்தேடி மூன்று முடிச்சு கிடைத்தது, கடுகளவு. பிளந்தால் உள்ளே வெள்ளை.

"இது மண்ணுல முன்னாடியே கெடந்தது. நாலு வருஷமா பயறுக்கு நடுநடுவுல தக்காளி போட்டு மருந்தா அடிச்சிருக்கீங்க இல்ல, அதனால மண்ணுலயும் அதிகமா இல்ல. நீங்க கலந்து குடுத்தது ஒண்ணுகூட வேர்ல சேரல. இந்தப் பக்கம் பாக்கெட் போட்டீங்களா?"

"போட்டேன் மேடம். மொதல்ல போட்டதே இந்தப் பக்கம்தான்."

"கையால நல்லாக் கலந்தீங்களா?"

"கொதிக்கற கஞ்சில கைய எப்படி வெக்கறது? அகப்பையாலதான் கலக்கினேன்."

காவியா வாளித் தண்ணீரில் கையை அலசிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "ஆறின கஞ்சியிலதாம்மா கலக்கணும். கொதிக்கறதுல போட்டா அத்தனையும் வெந்து செத்துப்போயிருக்கும். வெதை மேல கொஞ்சமா பரவலாப் பட்டதுல சூடு தணிஞ்சு வெதை மட்டும் பொழச்சிருச்சு. வேப்பமரத்துப் பக்கத்துக்குக் கஞ்சி ஆறியிருந்துச்சா?"

ஆறியிருந்தது. ஆடை கட்டும் அளவுக்கு ஆறியிருந்தது. விதைக்காதே என்று மகன் பேசிய பேச்சில் ஆறிய கஞ்சி. ஞானமேரி கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். பதினாறு வருஷமாகச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தது அவள் கண் முன்னால் வந்தது. சோம்பலாக இல்லை, வேலையாக.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வேடிக்கை பார்க்க வந்த நஞ்சப்பன் வரப்பிலிருந்து சொன்னார்: "அட, கஞ்சி ஆறணும்னு ஒங்களுக்குத் தெரியாதாக்கா? எங்களுக்கெல்லாம் கஸ்பார் அண்ணன்தானே சொல்லிக்குடுத்தாரு. வெரல வுட்டா வெரலுக்குச் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாதுன்னு சொல்வாரு."

"உங்களுக்குச் சொன்னாரா?"

"இந்தச் சுத்துப்பட்டுல எல்லாருக்கும் சொல்லியிருக்காரே."

நஞ்சப்பன் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அது எங்கே போய்க் குத்தியது என்று அவருக்குத் தெரியாது. வாயே திறக்காத மனிதர் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். கட்டின பெண்டாட்டிக்கு மட்டும் சொல்லவில்லை. பதினாறு வருஷத்தில் ஒரு தடவை, "அது ஆறணும் மேரி" என்று இரண்டு வார்த்தை சொல்ல அவருக்கு நேரமில்லையா? சொன்னால் புரிந்துகொள்ளமாட்டாள் என்று நினைத்தாரா? இவளிடம் என்ன பேச்சு என்று நினைத்தாரா? செத்தவரிடம் சண்டை போட முடியாது. போட்டாலும் ஜெயிக்க முடியாது.

காவியா போகும்போது இரண்டு வழி சொன்னாள். யூரியா போட்டுக் கிணற்றுப் பக்கத்தைத் தேற்றலாம். இல்லையென்றால் அந்தப் பாதியை உழுதுவிட்டுப் புதுப் பாக்கெட்டோடு மறுபடி விதைக்கலாம், இன்னும் விதைக்கப் பட்டம் இருக்கிறது. ஞானமேரி இரண்டையும் செய்யவில்லை. மகன் வருகிற வரைக்கும் அப்படியே விட்டாள். யூரியாவைப் போட்டுப் பச்சையாக்கினாலும் உழுது புரட்டினாலும், கஸ்பார் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரமும் அதற்கடியில் மறைந்துபோகும் என்று அவளுக்குத் தோன்றியது. கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் அவருடைய வேலையை மறைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அந்தோணி பிரகாஷ் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்கு மாரண்டஹள்ளியில் பஸ் இறங்கி வந்தான். வேப்பமரத்துப் பக்கம் ஊதாப் பூ நிறைந்திருந்தது. அவன் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடந்தான். கோட்டுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

"பாதிதாம்மா வந்திருக்கு."

"பாதிதான்."

அவள் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். கொதிக்கிற கஞ்சி, அகப்பை, அவன் போன், மொட்டை வேர், காவியா சொன்ன இரண்டு வழி. சொல்லி முடித்து, "வாக்குக் குடுத்தது குடுத்ததுதான். வர்றதுன்னா வர்றேன். ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு ஆறல பிரகாசு. நஞ்சப்பனுக்குச் சொல்லியிருக்காரு, ஊருக்கெல்லாம் சொல்லியிருக்காரு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. நான் அவ்ளோ வேண்டாதவளா போயிட்டனா?" என்றாள்.

அவன் பூவை உருவிக்கொண்டு நின்றான். பிறகு, "எனக்கும் தெரியும்மா" என்றான்.

"ஒனக்குமா?"

"மூணு வருஷத்துக்கு முன்னாடி காராமணி வெதைக்கறப்ப வந்திருந்தேன்ல. நீ அப்பாவ அந்தத் திட்டு திட்டின. நீ உள்ள போனதும் நான் கேட்டேன். கஞ்சி ஆறணும்னு அம்மாகிட்ட சொல்லிட்டா இந்தத் திட்டு மிச்சமாகுமேப்பான்னு கேட்டேன்."

"அதுக்கு?"

அவன் கையிலிருந்த பூவைக் கீழே போட்டான். சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. "சொல்லிட்டா உங்கம்மா எழுந்து அவ வேலையப் பார்க்கப் போயிடுவாடான்னாரு. வருஷத்துல ரெண்டு மூணு நாள்தான் எம்பக்கத்துல ஒக்காந்து ஒரு மணி நேரம் பேசறா. பேசட்டும், நீ சொல்லிடாதேன்னாரு."

ஞானமேரி தலைமுந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். முந்தானைக்குள்ளிருந்தே, "திட்டத்தானடா செஞ்சேன்" என்றாள்.

"அவருக்கு அது பேச்சும்மா."

அவன் அவளை அழ விட்டான். கிணற்றுப் பக்கம் நடந்து போய் அந்த மஞ்சள் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பி வந்தபோது பஸ் நேரத்தைப் பற்றியோ பெட்டியைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. "இதை உழுதுட்டு மறுபடி வெதைக்கறதுன்னா டிராக்டர் யாருகிட்ட சொல்றதும்மா?" என்று கேட்டான்.

அன்று சாயங்காலமே நஞ்சப்பன் டிராக்டரில் கிணற்றுப் பக்கம் உழுதாகிவிட்டது. மகன் பாலிஹவுஸ்காரருக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆறு மணி பஸ் ஏறினான். ஞானமேரி ஜெயித்துவிட்டாள் என்று நஞ்சப்பன்கூடச் சொன்னார். அவளும் இல்லை என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை விதைப்பு. விடிந்தும் விடியாமல் கஞ்சியை இறக்கி வாசலில் வைத்தாள். புதுப் பாக்கெட்டை நிழலில் வைத்தாள். முறத்தில் விதையைக் கொட்டிக்கொண்டு சட்டிக்கு எதிரில் உட்கார்ந்தாள். கூலிப் பெண்களை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்ததால் வீட்டில் அவள் மட்டும்தான். சொத்தை விதையைப் பொறுக்கினாள். அதிகம் இல்லை, சீக்கிரமே முடிந்துவிட்டது. சட்டியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. விரலை விட்டாள், சுட்டது.

"இன்னும் எத்தினி நேரம் இப்படியே ஒக்காந்திருக்கறது?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டுத்தான் சத்தமாகக் கேட்டது அவளுக்கே தெரிந்தது. பதில் இல்லை. அவர் இருந்தபோதும் பெரிதாகப் பதில் வந்ததில்லைதான். அப்போது கேட்டுக்கொண்டிருக்க ஆள் இருந்தது. அவள் ஓட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள், கொழுந்தனைப் பற்றிச் சொன்னாள், ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். சொல்லவேண்டியது எல்லாம் தீர்ந்துவிட்டது. கஞ்சி ஆற இன்னும் அரை மணி நேரம் இருந்தது.